சின்ன டிரைவே போதும்

அத்தியாயம் 3

டெவென்டர் ஊரில் பட்டப்பகலில் ஒரு வீட்டின் திரைச்சீலை மூடிக் கிடந்தால் அதற்கு இரண்டே காரணம்தான். உள்ளே யாராவது செத்திருக்க வேண்டும். அல்லது உள்ளே இருப்பவர்களுக்குத் தெருவின் முகத்தில் விழிக்க முடியாமல் இருக்க வேண்டும். மற்ற வீடுகளிலெல்லாம் சோபாவும் விளக்கும் பூனையும் வாசலில் போகிறவர்களுக்குப் பளிச்சென்று தெரியும். மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை என்று ஊருக்கே சொல்லிக்கொள்கிற ஊர் அது.

இருபத்தாறாம் எண் வீட்டில் திரை இழுத்து மூடியிருந்தது.

"சாவு ஒண்ணும் நடக்கலையே?" என்றாள் தெக்லா, சைக்கிளைப் பூட்டிக்கொண்டே. ஐம்பது வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடிக்கிற வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்தவள்.

"ஒரு கம்ப்யூட்டர் டிரைவ் செத்துப் போச்சே பாஸ்," என்றான் அவள் உதவியாளன் யோரிஸ். "அதுக்குத்தான் துக்கம் காக்கறாங்க போல."

யோரிஸ் இதே தெருக்காரன். வாய் ஓயாதவன். ஆனால் இன்று காலையிலிருந்து அவன் ஜோக்குகளில் கொஞ்சம் சுருதி குறைந்திருந்தது. அதற்கொரு காரணம் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள, காலையில் மிர்த்தாவின் கடையில் நடந்ததைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

மிர்த்தா ஆற்றங்கரைப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். நல்ல உயரம், உரத்த குரல். கடை இருக்கும் கட்டடத்தைப் புது வருஷத்தில் இடிக்கப் போகிறார்கள். தெருச் சமூகக்கூடத்தை ஒட்டி ஓர் அறை காலியாக இருக்கிறது. அதை அவளுக்குக் கொடுக்கலாமா என்று இன்று மாலை குடியிருப்போர் சங்கத்தில் கை தூக்கி முடிவு செய்கிறார்கள். கொடுத்தால் கடை பிழைக்கும். இல்லையென்றால் கதவை மூடிவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். போன வாரம் வரைக்கும் அறை அவளுக்குத்தான் என்று எல்லோருமே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான் தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ரூலோஃப் எழுதினார். மிர்த்தா தனக்கு விற்றது மட்டமான டிரைவ். அது செத்துவிட்டது. அதோடு தன் மனைவி அலெய்டாவின் பத்து வருட உழைப்பும் போய்விட்டது. மற்றவர்களாவது உஷாராக இருக்க வேண்டும். அதற்குக் கீழே வரிசையாக அழுகிற முகங்கள், கட்டைவிரல்கள்.

"நான் வித்தது மட்டமான டிரைவ் இல்ல," என்றாள் மிர்த்தா, கவுண்டரில் ஓங்கித் தட்டி. "விலை கம்மியான டிரைவ். ரெண்டும் வேற வேற."

"என்ன வித்தியாசம்?" என்றான் யோரிஸ்.

"நீ போட்டிருக்கற கோட்டு விலை கம்மி. நீ அடிக்கற ஜோக்கு மட்டம்."

தெக்லா சிரிக்காமல் கேட்டாள்: "அவருக்கு எதைக் கொடுத்தீங்க? ஏன் அதைக் கொடுத்தீங்க?"

"அது பழைய கம்ப்யூட்டர். சூயிங்கம் மாதிரி மெல்லிசா வருதே புது டிரைவ், அதைச் சொருக அதுல எடமே கிடையாது. ஒயர்ல மாட்டற தட்டை டிரைவ்தான் பொருந்தும். வீட்டுல மெயில் பாத்து, நாலு பக்கம் எழுதறவங்களுக்குக் கேம் ஆடற பசங்க வாங்கற வேகம் எதுக்கு? ஊர் பேர் தெரியாத கம்பெனி மட்டும் வேண்டாம், அஞ்சு வருஷ வாரண்டி இருக்கணும். மத்தபடி எடம் எவ்வளவு வேணும்னு பாத்தா போதும். நான் ஐநூறு ஜிபி எடுத்து வெச்சிருந்தேன். ஆனா முந்தின நாளே அவங்க வீட்டுலேருந்து போன் வந்துடுச்சு, சின்ன டிரைவே போதும்னு. சரின்னு நூத்தி இருபது ஜிபியைக் கொடுத்தேன். நானே மாட்டித் தரேன், பழசுல இருக்கறதையும் காப்பி பண்ணித் தரேன்னு சொன்னேன். அவர் கேக்கல. நானே மாட்டிக்கறேன்னுட்டார்."

"மாட்டற கூலி மிச்சம்," என்றான் யோரிஸ்.

"நீ பேசாத. அந்த மெசேஜுக்குக் கட்டைவிரல் போட்டவன்தானே நீ?"

யோரிஸ் தன் கோட்டுப் பொத்தானைத் திருகினான். அவன் போட்டிருந்தான். காபி குடித்துக்கொண்டே, முழுசாகப் படிக்காமல், போகிற போக்கில் போட்டிருந்தான். அந்தக் கட்டைவிரல் காலையிலிருந்து அவனைக் குத்திக்கொண்டே இருந்தது.

இப்போது தெக்லா இருபத்தாறாம் எண் வீட்டு மணியை அடித்தாள். மூன்று மணிக்கு வருவதாக முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தாள். அந்த ஊரில் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டுகிறவன் ஒன்று போலீஸ்காரனாக இருப்பான், இல்லையென்றால் பைத்தியக்காரனாக இருப்பான்.

அலெய்டா கதவைத் திறந்தார். ஒல்லியான பெண்மணி. ஓய்வு பெற்ற ஆசிரியை. தூங்கிப் பல நாளான கண்கள்.

உள்ளே கால் வைத்ததும் பூ வாசனை மூக்கைத் துளைத்தது. மேஜையில் பூங்கொத்து, ஜன்னலில் பூங்கொத்து, ரேடியேட்டர் மேல் பூங்கொத்து. குவளைகள் தீர்ந்துபோய் ஊறுகாய்ப் பாட்டில்களிலும் பூக்கள் நின்றன.

"எல்லாம் தெருக்காரங்க கொண்டு வந்தது," என்றார் அலெய்டா. அவற்றைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அந்தத் தெருவின் கதையை அவர் பத்து வருடமாக எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளம் வந்தபோது யார் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், மூடிப்போன தகரத் தொழிற்சாலையில் யார் யாரைக் காதலித்தார்கள் என்று நாற்பது பேரை கேமரா முன்னால் உட்கார வைத்துப் பேச வைத்தார். அதில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. புத்தகம் எப்போது வரும் என்று கேட்காத ஆள் தெருவில் கிடையாது. அத்தனையும் அந்தக் கம்ப்யூட்டரோடு போய்விட்டது.

ரூலோஃப் சாப்பாட்டு மேஜையில் இருந்தார். முழங்கை வரை பசை. அவர் முன்னால் காகிதக்கூழில் செய்த பெரிய வாத்து ஒன்று ஈரமாக உட்கார்ந்திருந்தது. கன்றுக்குட்டி அளவு இருந்தது அது. சிந்தர்கிளாஸ் பண்டிகைக்கு இன்னும் இரண்டே நாள். குடும்பத்துக்குள் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்கு, கையால் செய்த பொம்மைக்குள் ஒளித்து, கொடுத்தவர் யாரென்றே தெரியாமல் பரிசு கொடுக்க வேண்டும். யார் பெயர் வந்தது என்று கேட்பது மகா குற்றம்.

"அருமையான வாத்து," என்றான் யோரிஸ். "பரிசு எவ்வளவு பெரிசோ!"

"சின்னதுதான்," என்றார் ரூலோஃப் அவசரமாக. "வெளியூர்ல இருக்கற என் அக்கா வீட்டு விழாவுக்கு."

காபி வந்தது. பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கொன்று எடுக்கச் சொல்லிவிட்டு அலெய்டா மூடியை அழுத்தி மூடினார். யோரிஸின் கண்கள் டப்பாவோடு அலமாரி வரைக்கும் போய்விட்டுத் திரும்பின.

"மிர்த்தா உங்களை அனுப்பினாளா?" என்றார் ரூலோஃப்.

"ஆமா. அந்த டிரைவ் எப்படிச் செத்துதுன்னு நீங்க சொல்லி நான் கேக்கணும். அவ்வளவுதான்."

ரூலோஃப் கையைத் துடைத்துக்கொண்டார். மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தவர் மாதிரி கடகடவென்று சொன்னார்.

"செப்டம்பர்ல மாட்டினேன். நல்லாத்தான் ஓடிச்சு. அப்புறம் மெதுவா ஒரு சத்தம். டிக், டிக்னு. விட்டு விட்டு வரும். நாளாக நாளாக ஜாஸ்தியாச்சு. போன வாரம் ஒரு சாயங்காலம் கரகரன்னு ஒரு இழுப்பு இழுத்துது. அவ்வளவுதான், போச்சு. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகல."

கடைசி வரியை மட்டும் அவர் சொல்லிப் பார்த்திருக்கவில்லை. அது தானாக வந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

"உங்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டுதா?" தெக்லா அலெய்டாவிடம் திரும்பினாள்.

"இல்ல. எனக்கு ஒண்ணும் கேக்கல."

"எழுத உக்காந்தா இவளுக்கு இடி விழுந்தாலும் கேக்காது," என்றார் ரூலோஃப். அந்தக் குரலில் பெருமை இருந்தது. "காலையில ஒன்பது மணிக்கு மாடிக்குப் போனா மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவா. பத்து வருஷமா இதேதான்."

அலெய்டா எழுந்து, வாடாத ஒரு பூவைக் குவளையிலிருந்து பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"செத்துப்போன டிரைவ் இப்ப எங்க?"

"நகராட்சிக் குப்பைக் கிடங்குல கொண்டுபோய்க் கொடுத்துட்டேன். வீட்டுல வெச்சிருக்க மனசு வரல."

"மாடியறையைப் பாக்கலாமா?"

பரண்மேல் சின்ன அறை. மேஜை மேல் கம்ப்யூட்டர் வயிறு திறந்து கிடந்தது. டிஸ்க் இருந்த இடம் காலி. தெக்லா அதை எட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அவள் நேரம் எடுத்துப் பார்த்தது வேறு. அறையில் இரண்டு நாற்காலி. ஒன்று மேஜை முன்னால், மரத்தில் கட்டிய விறைப்பான நாற்காலி. இன்னொன்று ஜன்னலோரம், மெத்தை உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகிப்போன சாய்வு நாற்காலி. ஜன்னல் விளிம்பெங்கும் காபிக் கோப்பையின் வட்டக் கறைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. மேஜையில் ஒரு கறைகூட இல்லை.

"சுத்தமான மேஜை," என்றாள் தெக்லா.

"எழுத்தாளர்கள் சுத்தமா இருப்பாங்க போல பாஸ். நம்ம ஆபீஸ் மேஜையைப் பாத்தா நம்ம ரெண்டு பேரும் பெரிய நாவலாசிரியர்கள் இல்லைன்னு தெரிஞ்சிடும்." யோரிஸ் குரலைத் தாழ்த்தினான். "ஆள் பொய் சொல்ற மாதிரி தெரியலையே. அந்தச் சத்தத்தைப் பத்திச் சொல்லும்போது கண்ணு கலங்கிடுச்சு. மிர்த்தா கதை முடிஞ்சுதா?"

"அந்தச் சத்தம் உண்மைதான். அதுதான் அவரைக் காட்டிக் கொடுத்தது. வா."

கீழே இறங்கினார்கள். ரூலோஃப் வாத்துக்கு இறக்கை ஒட்டிக்கொண்டிருந்தார். தெக்லா அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க கேட்ட சத்தம் நிஜம். செத்ததும் நிஜம். ஆனா செத்தது மிர்த்தா கொடுத்த டிரைவ் இல்ல."

ரூலோஃபின் கை இறக்கையிலேயே நின்றது.

"பழைய டிஸ்க் உள்ள ஒரு தட்டு சுத்தும். அதுமேல ஒரு ஊசி போய்ட்டுப் போய்ட்டு வரும், கிராமஃபோன் மாதிரி. அது சாகப்போகும்போதுதான் டிக் டிக்குன்னு அடிச்சுக்கும். மிர்த்தா வித்த டிரைவ்ல சுத்தறதும் கிடையாது, நகர்றதும் கிடையாது. அது செத்தா கப்சிப்னு சாகும். பக்கத்துல தூங்கறவனுக்குக்கூடத் தெரியாது."

"சாகறப்பக்கூடப் பக்கத்து வீட்டைத் தொந்தரவு பண்ணாத நம்ம ஊர்க்காரங்க மாதிரி," என்றான் யோரிஸ். யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப பழைய டிஸ்க்தான் கடைசி வரைக்கும் உள்ள இருந்திருக்கு. நீங்க மாத்தவே இல்ல."

"அதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் ரூலோஃப். பாதிக் குரல்தான் வெளியே வந்தது.

"புது டிரைவ்தான் ஆதாரம். பிரிக்காம இந்த வீட்டுலதான் இருக்கு."

"பாஸ், அதை அன்னைக்கே குப்பையில போட்டிருப்பார்," என்றான் யோரிஸ்.

தெக்லா சமையலறைப் பக்கம் கை காட்டினாள். ஜன்னலோரம் கழுவிக் கவிழ்த்த தயிர் டப்பாக்கள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒரு ஜாடி நிறைய ரொட்டிப் பை கட்டும் கிளிப்புகள். போன வருடத்துப் பரிசுக் காகிதம், மடிப்பு நீங்க இஸ்திரி போட்டு, சுருட்டி வைத்திருந்தது.

"இந்த வீட்டுல சீல் உடைக்காத புதுப் பொருளைக் குப்பையில போட யாருக்காவது கை வருமா? கடையில திருப்பிக் கொடுக்கவும் முடியாது, அதான் செத்துப்போச்சுன்னு தெருவுக்கே சொல்லியாச்சே. வெச்சுக்கவும் முடியாது, மனைவி கண்ணுல பட்டுடும். யார் கொடுத்தாங்கன்னு தெரியாம வெளியூருக்கு அனுப்ப வருஷத்துல ஒரே ஒரு நாள்தான் இருக்கு. ரூலோஃப், உங்களுக்கு யார் பேர் வந்துச்சுன்னு நான் கேக்க மாட்டேன். அது தப்பு. வாத்து வயித்துல என்ன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

ரூலோஃப் வாத்தின் ஈரமான வயிற்றுக்குள் கையை விட்டார். கிழிந்த காகிதமும் பசையும் மேஜையில் வழிந்தன. உள்ளேயிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய சின்னப் பெட்டி ஒன்று வெளியே வந்தது. பிரிக்காத பெட்டி. மிர்த்தாவின் கடை ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த தழும்பு மட்டும் மூலையில் இருந்தது.

"வாங்கின மறுநாளே இன்னொரு கடையில வேற டிரைவ் ஒண்ணு இதைவிடக் கம்மி விலைக்கு வந்துச்சு," என்றார் ரூலோஃப். அவர் தன் கையைப் பார்த்தபடி பேசினார். "இதைத் திருப்பிக் கொடுத்துட்டு அதை வாங்கலாம்னு இருந்தேன். அப்புறம் பாத்தா அதுல ஏதோ கோளாறுன்னு நாலு பேர் எழுதியிருந்தாங்க. சரி, நவம்பர் தள்ளுபடி வரட்டும்னு விட்டுட்டேன். அலெய்டா தினம் கேட்டா, மாட்டியாச்சான்னு. மாட்டியாச்சுன்னு சொல்லிட்டேன். நாளைக்கு மாட்டத்தானே போறோம்னு. தினம் சாயங்காலம் மேல போய் உக்காந்து விலை பாப்பேன். டிஸ்க் டிக் டிக்னு அடிக்கும். அடிக்க அடிக்க நான் இன்னொரு கடையைப் பாத்துக்கிட்டு இருப்பேன். கடைசியா அது நின்ன அன்னைக்குக்கூட..."

"விலைதான் பாத்துக்கிட்டு இருந்தீங்க," என்றாள் தெக்லா.

"ஒரு சாப்பாட்டுக் காசு குறைஞ்சிருந்தது. அதுக்காக என் பொண்டாட்டியோட பத்து வருஷத்தைக் கொன்னுட்டேன். அதை அவகிட்ட எப்படிச் சொல்வேன்? மிர்த்தா பேரு வாயில வந்துடுச்சு. அவ மேலயும் தப்பு இருக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பெரிய டிரைவ் வாங்கணும்னுதான் நான் போனேன், வீடியோ எல்லாம் இருக்கேன்னு. அவதான் பெரிசைக் காட்டவே இல்ல, சின்னதை எடுத்து நீட்டினா. விலை கம்மியா இருக்கேன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

அவர் அழுதார். அறுபது வயது மனிதர், பசைக் கையை முகத்தில் வைக்க முடியாமல், கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். யோரிஸ் தரையைப் பார்த்தான். கேஸ் ஜெயித்த சந்தோஷம் அவனுக்குத் துளிகூட வரவில்லை.

அலெய்டா எழுந்து வந்து கணவரின் தோளில் கை வைத்தார். "பரவாயில்ல ரூலோஃப். பரவாயில்ல. விடு."

"விடுன்னு எப்படிச் சொல்ற? திட்டு. எதையாவது தூக்கி அடி."

"பரவாயில்ல."

ரூலோஃப் எழுந்தார். "இன்னைக்கு மீட்டிங்குல நானே எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். மிர்த்தாவுக்கு அந்த ரூம் கிடைக்கணும்." கை கழுவ அவர் குளியலறைக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

யோரிஸ் கோட்டை எடுத்தான். "முடிஞ்சுது பாஸ். கிளம்பலாமா?"

தெக்லா நகரவில்லை. அவள் அலெய்டாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து வருஷ உழைப்பு போனவங்க முதல்ல கத்துவாங்க," என்றாள் மெதுவாக. "மன்னிப்பு அப்புறம்தான் வரும். உங்களுக்குக் கத்தவே தோணலையே?"

"அவர் எனக்குப் புருஷன்."

"ரூலோஃப் பெரிய டிரைவ் வாங்கத்தான் போனார். ஆனா சின்னதே போதும்னு முந்தின நாளே இந்த வீட்டுலேருந்து கடைக்குப் போன் போயிருக்கு. இந்த வீட்டுல இருக்கறது ரெண்டே பேர்."

அலெய்டா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நாப்பது பேரோட வீடியோ, பத்து வருஷ எழுத்து. அந்த டிரைவ்ல அதுல கால்வாசிகூடக் கொள்ளாது. மேஜையில கோப்பைக் கறை இல்ல, ஜன்னல்லதான் இருக்கு. டிஸ்க் போட்ட சத்தம் உங்களுக்குக் கேக்கலைன்னு நீங்க சொன்னது சத்தியம். ஏன்னா நீங்க அந்தக் கம்ப்யூட்டரைப் போடவே இல்ல."

அலெய்டா குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"முதல் வருஷம் நிஜமாவே எழுதினேன்," என்றார். "மூணு பக்கம். படிச்சுப் பாத்தா எனக்கே சகிக்கல, அழிச்சுட்டேன். கேமராவுக்கு கார்டு ஒண்ணுதான் வாங்கினேன். அது ரொம்பினதும் இன்னொண்ணு எதுக்கு வீண் செலவுன்னு பழசு மேலயே எடுத்தேன். ஒருத்தர் மேல ஒருத்தர் அழிஞ்சுக்கிட்டே போனாங்க. அப்புறம் ஆன் பண்ணாமலே பேச வெச்சேன். ஹார்மன் நாலு மத்தியானம் உக்காந்து பேசினார், வெள்ளத்துல அவர் தம்பி போனதைப் பத்தி. நான் தலையாட்டிக்கிட்டு இருந்தேன். போன வருஷம் அவரும் போய்ட்டார்."

"அடக் கடவுளே," என்றான் யோரிஸ்.

"டிஸ்க் செத்துப்போச்சுன்னு இவர் வந்து சொன்னப்ப எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துது. அப்புறம்தான் இந்தப் பூவெல்லாம் வர ஆரம்பிச்சுது. மிர்த்தாவைத் திட்டினாங்க. நான் பேசாம இருந்தேன்."

"ஏன் போன் பண்ணீங்க? பெரிய டிரைவ் வாங்கியிருந்தா யாருக்கும் சந்தேகமே வந்திருக்காதே."

அலெய்டாவின் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "ஒண்ணுமே இல்லாததை வைக்கறதுக்கு எடம் வாங்கணுமா? எனக்கு மனசு வரல."

பத்து வருடம் பொய் சொல்ல அந்த அம்மாளுக்கு மனம் வந்தது. அந்தப் பொய்க்குக் காலி இடம் வாங்கத்தான் மனம் வரவில்லை. அந்த வீட்டில் அவர்கள் இருவரையும் சேர்த்து வைத்ததும் சிக்கனம், காட்டிக் கொடுத்ததும் சிக்கனம்.

"என்னைக் கூப்பிட்டது மிர்த்தாதான்," என்றாள் தெக்லா, எழுந்துகொண்டே. "ரூலோஃப் பேசினா அவங்க பேரு சுத்தமாயிடும். என் வேலை அத்தோட சரி. மீதி உங்க ரெண்டு பேருக்குள்ள. நான் வாயைத் திறக்க மாட்டேன்." கதவருகே போய் நின்றாள். "ஆனா ஒண்ணு. அவர் சாகற வரைக்கும் உங்க பத்து வருஷத்தைக் கொன்னவராத்தான் இருப்பார்."

தண்ணீர் நின்றது.

மாலை சமூகக்கூடத்தில் நாற்காலி போதவில்லை. மிர்த்தா பின் சுவரில் சாய்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நின்றாள். திட்டு வாங்கத் தயாராக வந்தவள் போலிருந்தது அவள் முகம். ரூலோஃப் முன்னால் போய் நின்று அந்தச் சின்னப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். நகத்திடுக்கில் இன்னும் பசை இருந்தது.

"இது மிர்த்தா எனக்கு வித்த டிரைவ். நான் இதைப் பிரிக்கவே இல்ல. பழைய டிஸ்க்தான் செத்துது. நான் சொன்னது பொய். என் மனைவியோட புத்தகத்தை அழிச்சது மிர்த்தா இல்ல, நான்தான்."

சங்கத் தலைவர் இருமிவிட்டு, மிர்த்தாவுக்கு அறை கொடுக்கச் சம்மதமென்றால் கை தூக்கலாம் என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் யோரிஸ் கை தூக்கிவிட்டான். கட்டைவிரலை மடக்கிக்கொண்டு.

"வாக்கியத்தை முடிக்க விடுப்பா," என்றார் தலைவர்.

"போன தடவையும் முழுசாப் படிக்காமத்தான் ஓட்டுப் போட்டேன்," என்றான் யோரிஸ். "அதுக்கு இது ஈடு."

அடுத்து ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும் உயர்ந்தன. யாரும் மிர்த்தாவின் கண்ணைப் பார்க்கவில்லை. கை மட்டும் தூக்கினார்கள். மிர்த்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கூரையைப் பார்த்து, "சரி, சரி, இறக்குங்க. வலிக்கப் போகுது," என்றாள்.

ரூலோஃப் வந்து அலெய்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு முன்னாலும் பின்னாலும் இருந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்கள். அது அவருக்குத் தெரிந்தது. தனக்கு அது வேண்டியதுதான் என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

காபி ஊற்ற ஆரம்பித்தார்கள். அப்போது ஹார்மனின் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அலெய்டாவிடம் வந்தாள். கையில் இன்னொரு பூங்கொத்து. மஞ்சள் பூக்கள்.

"உங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்," என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அப்பா பேசினது ஏதாவது எங்கயாவது மிஞ்சியிருக்கா? துண்டு துண்டாவாவது? அவர் குரல் எங்ககிட்ட வேற எதுலயும் இல்ல."

அலெய்டா பூங்கொத்தை வாங்கவில்லை. அவர் பக்கத்தில் ரூலோஃப், அடி விழப்போகிறது என்று தெரிந்த ஆள் மாதிரி, கண்ணை மூடிக்கொண்டார்.

தெக்லா கதவருகே நின்றாள். பேசாமல் இருப்பதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அலெய்டா எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் பேசிப் பழகிய குரல், கடைசி வரிசை வரைக்கும் போனது.

"மிர்த்தா, அன்னைக்கு உனக்குப் போன் பண்ணி, சின்ன டிரைவே போதும்னு சொன்னது நான்தான்."

யாருக்கும் புரியவில்லை. மிர்த்தாவுக்குத்தான் முதலில் புரிந்தது. மார்பில் கட்டியிருந்த கைகள் மெல்லக் கீழே இறங்கின.

"வைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல," என்றார் அலெய்டா, ஹார்மனின் மகளைப் பார்த்து. "எப்பவுமே இருந்ததில்ல. உங்க அப்பா பேசும்போது கேமரா ஓடல. ரூலோஃப் எதையும் அழிக்கல. அழிக்கறதுக்கு நான் ஒண்ணும் எழுதவே இல்ல."

மஞ்சள் பூக்கள் மெல்லத் தாழ்ந்தன. யாரோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

ரூலோஃப் கண்ணைத் திறந்தார். கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். கோபம் வர வேண்டிய நேரம் அது. அது வரவில்லை. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப்போய், மூச்சு தாராளமாக வந்தது. அந்த மூச்சை விடவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.